கேரம் ரூமுக்கு என்ன கலர்?

கோத்தகிரியில் ஒரு குரு இருந்தார். மலைமேல் இருந்தார் என்றதும் தவத்துக்குப் போனவர் என்று நினைத்துவிடக் கூடாது. சமவெளி வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தாடியும் இல்லை. அதற்குக் காரணம் இன்னும் எளிது. அவர் பெண். பெயர் வேலாம்பாள். வயது ஐம்பதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறையில் சிலர் வந்து உட்காருவார்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். பிறகு அவர் டீ போட்டுக் கொடுப்பார். மௌனத்தை எல்லோராலும் தாங்க முடிந்தது. டீயைத்தான் சிலரால் முடியவில்லை.

அந்தச் சிலரில் முதல்வர் நல்லதம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். சீடர்களில் அவர்தான் மூத்தவர், குருவைவிடவும் மூத்தவர். ஆனாலும் அந்த டீயை அவர் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். அவருடைய பக்திக்கு வேறு சான்று தேவைப்பட்டதில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. மற்றவர்கள் போன பிறகும் நல்லதம்பி எழுந்திருக்கவில்லை.

"ஏதாவது கேக்கணுங்களாய்யா?"

"ஒரு கேள்விங்கம்மா."

வழக்கமாக அங்கே வரும் கேள்விகள் ஆன்மாவைப் பற்றியவை, மரணத்தைப் பற்றியவை. வங்கி அதிகாரி ஒருவர் மாயையைப் பற்றி மாதம் தவறாமல் கேட்பார்.

"எங்க வீட்டு கேரம் ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாங்கம்மா?"

வேலாம்பாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

நல்லதம்பி சொன்னார். மலையில் மழை பிடித்தால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. அதனால் வீடு கட்டும்போதே பின்பக்கம் ஒரு பெரிய அறை எடுத்தார்கள். அதில் கேரம் போர்டு, டிவி, ஒரு நீள பெஞ்சு. மகன் கதிரவன் மெல்போர்னுக்கும், மகள் தேன்மொழி பெங்களூருக்கும் போன பிறகும் அதற்கு கேரம் ரூம் என்றுதான் பெயர். இந்த மே மாதம் இருவரும் வருகிறார்கள். மருமகனும் பேத்தியும்கூட.

"நல்ல சேதிதானுங்களே."

"வீட்டை வித்துட்டு பெங்களூரு வந்துடுங்கன்னு பொண்ணு சொல்றா. நான் ஒண்ணு சொன்னேன். மே மாசம் எல்லாரும் வாங்க. ஒரு சாயங்காலமாவது அந்த ரூம்ல ஒண்ணா உக்காந்து ஆடுனா வீடு இருக்கட்டும். இல்லைன்னா வித்துடலாம்னேன். சரின்னுட்டா."

"பெங்களூருல உங்களுக்கு ரூம் இருக்குங்களா?"

"இருக்குங்கம்மா. துணி காயப்போடற பால்கனிக்குப் பக்கத்துல."

வேலாம்பாள் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பனிமூட்டம் தேயிலைச் சரிவை மூடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்து பாக்கறேன்."

*

அந்த அறைக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் கொப்பளித்து, அங்கங்கே அப்பளம் போல உரிந்து நின்றது. மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை. போர்டுக்கும் பெஞ்சுக்கும் பிளாஸ்டிக் உறை. டிவிக்குத் துண்டு. திவசத்துக்கு வந்த உறவினர்கள் போல எல்லாம் சத்தமில்லாமல் இருந்தன.

"வருஷா வருஷம் அடிக்கறனுங்கம்மா. வருஷா வருஷம் உரியுது."

"யாரு அடிக்கறாங்க?"

"நானேதான். பெயின்டரை விட்டா ரெண்டு நாள்ல முடிச்சுட்டுப் போயிடுவான். அப்புறம் நான் என்ன பண்றது?"

வேலாம்பாள் சுவரில் கை வைத்தார். கை நனைந்தது.

"ஏன் உரியுது?"

"ஈரங்கம்மா."

"மத்த ரூம்ல உரியலையே."

"அதெல்லாம் திறந்து கிடக்குது. இது பூட்டியே இருக்கறதால காத்து இல்லை."

"ஏன் பூட்டி வெக்கறீங்க?"

"அடிச்ச பெயின்ட் கெட்டுடக் கூடாதுன்னுதானுங்கம்மா."

சொல்லி முடித்ததும் நல்லதம்பியே அந்த வாக்கியத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இந்தப் பிழைக்குத் தர்க்க நூல்களில் தனிப் பெயர் உண்டு. வேலாம்பாளுக்கு அது தெரியும். சொல்லவில்லை.

"பட்டித் தகடு இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டு கொண்டு வாங்க."

*

இருவரும் சுரண்டினார்கள். மேல்பூச்சு தகடு பட்டதுமே கழன்று விழுந்தது. ஒரு நிறத்துக்கு அடியில் இன்னொரு நிறம் இருந்தது.

"இந்த ஐவரி எப்ப அடிச்சது?"

"போன மே. எல்லாரும் வந்தாங்க. பத்து நாள்னு வந்தாங்க. மூணாம் நாளே ஊட்டில ஓட்டல் ரூம் போட்டுட்டுப் போயிட்டாங்க."

வேலாம்பாள் ஏன் என்று கேட்கவில்லை. ஐவரிக்கு அடியில் ரோஸ் வந்தது.

"இது?"

"பேத்தி ஆதிரைக்குப் பிடிக்கும்னு அடிச்சேன். அந்த வருஷம் அவளுக்கு ஸ்கூல் டூர் வந்துடுச்சு. அவ வராம அவங்க மட்டும் எதுக்குன்னு யாரும் வரலை."

ரோஸுக்கு அடியில் நீலம்.

"இது கதிருக்கு. வர்றேன்னான். டிக்கெட் கிடைக்கலை."

"நீலம் பிடிக்குமா அவருக்கு?"

"ஒன்பதாவது படிக்கும்போது பிடிக்கும்."

"இப்ப?"

"கேக்கலைங்கம்மா."

நீலமும் போனது. அதற்கு அடியில் பூச்சு எதுவும் இல்லை. பழைய சுண்ணாம்பு வெள்ளைதான்.

"இது யாரு வர்றதுக்கு அடிச்சது?"

நல்லதம்பி சிரித்துவிட்டார். "இது வீடு கட்டுனப்ப அடிச்சதுங்கம்மா. அப்ப யாரு வரணும்? எல்லாரும் இங்கயேதானே இருந்தோம்."

பெஞ்சுக்கு மேலே, சுண்ணாம்பின்மேல், தட்டளவு ஒரு பழுப்புக் கறை இருந்தது. வேலாம்பாள் தகட்டை நிறுத்தினார்.

"அது தலை எண்ணெய். எங்க வீட்டம்மா சொர்ணம் அங்கதான் சாஞ்சு உக்காருவா. புள்ளைங்க ஆடறதைப் பாத்துக்கிட்டே கீரை ஆய்வா. எத்தனை கோட் அடிச்சாலும் வெளிய வந்துடும் அது. அவளும் அப்படித்தான். எதையும் மனசுக்குள்ள மூடி வெக்கத் தெரியாது."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"ஃபேக்டரியில இருந்து வந்ததும் வாசப்படியில நிப்பேன். சத்தம் போடாதீங்கன்னு சொல்றதுக்கு."

"சொர்ணத்தம்மாவுக்கு அப்புறம் யாரு இங்க சாஞ்சாங்க?"

"யாரும் சாயலைங்கம்மா."

"போன வருஷம் அத்தனை பேரு வந்தாங்களே?"

நல்லதம்பி தகட்டை வேட்டியில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"ஆதிரை சாஞ்சா. புதுப் பெயின்ட், சாயாதே கண்ணுன்னேன். அப்புறம் மாப்பிள்ளை சாஞ்சாரு. அவர்கிட்ட நேரா சொல்ல முடியுங்களா? பொண்ணுகிட்ட சொன்னேன். அவ அவர்கிட்ட சொன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் அவங்கவங்க ரூம்லயே இருந்துக்கிட்டாங்க."

வெளியே தூறல் போட்டது. வேலாம்பாள் மீண்டும் சுரண்ட ஆரம்பித்தார்.

*

சுரண்டிய சுவர் காய வேண்டும். மலையில் அதற்கு வெயிலை நம்ப முடியாது. அறையின் நடுவில் கரி போட்டுக் கணப்பு வைப்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தணல் அணையக் கூடாது, பொறி பறக்கக் கூடாது, காற்றில் ஜன்னல் சாத்திக்கொள்ளவும் கூடாது.

"கூட யாரு இருப்பாங்க?" என்றார் வேலாம்பாள்.

"கூலிக்கு ஆள் வெச்சுக்கலாங்கம்மா."

"ஏன், நீங்க?"

"நானா? அந்த ரூம்லயா?"

நல்லதம்பி கணப்புச் சட்டி தேடப் போனார்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு பிற்பகலில் வேலாம்பாள் வந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. பின்பக்கம் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

நல்லதம்பி கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரைத் தட்டினார். எழுந்தார். அடுத்த பக்கம் போய் உட்கார்ந்து தட்டினார். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கடுத்த பக்கம் போனார். நான்காவது பக்கத்தில் குனிந்து, காயைக் குழிக்குப் பக்கத்தில் விரலால் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத் தட்டினார். விழுந்தது. "ஏய், சூப்பர்" என்றார்.

"யாரு ஜெயிக்கறாங்க?"

நல்லதம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தார். திருட்டுத்தனம் பிடிபட்டவர் முகம்.

"ஆதிரைங்கம்மா. சின்னப் பொண்ணு. கொஞ்சம் விட்டுக் குடுத்தேன்."

"தோக்கறது?"

"மாப்பிள்ளை."

"வேணும்னேவா?"

"அவருக்கு ஆட்டம் வராதுங்கம்மா." சற்று யோசித்தார். "கொஞ்சம் வேணும்னேயும்தான்."

"அந்த ரெண்டு பக்கம்?"

"சன்னல் பக்கம் கதிர். இந்தப் பக்கம் தேனு. சின்ன வயசுல இருந்தே அவங்களுக்கு அதான் இடம்."

வேலாம்பாள் உள்ளே வந்து தணலில் குளிர் காய்ந்தார்.

"நீங்க எந்தப் பக்கம்?"

நல்லதம்பிக்குக் கேள்வி புரியவில்லை. போர்டைப் பார்த்தார். ஸ்டூல்களைப் பார்த்தார்.

"போர்டுக்கு நாலு பக்கந்தானேங்கம்மா."

ஜன்னல் வழியாக மூட்டம் கொஞ்சம் உள்ளே வந்து, சூடு பட்டதும் காணாமல் போனது.

"தணல் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வேலாம்பாள் போய்விட்டார்.

*

சுவர் காய்ந்தது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமரும் அடித்தாயிற்று. நல்லதம்பி மறுபடி அதே கேள்விக்கு வந்தார்.

"இப்பவாவது சொல்லுங்கம்மா. என்ன கலர்?"

"பழைய டப்பா இருக்குங்களா?"

"எல்லாத்துலயும் பாதி பாதி மிச்சம் இருக்கு."

"கொண்டு வாங்க."

வேலாம்பாள் ஒரு பக்கெட்டில் ஐவரியை ஊற்றினார். அதில் ரோஸை ஊற்றினார். அதன்மேல் நீலத்தையும் ஊற்றினார். ஆசாரமான பெயின்டர் யாராவது பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு குச்சியால் நிதானமாகக் கலக்கினார்.

வந்த நிறத்துக்கு எந்த கம்பெனி அட்டையிலும் பெயர் கிடையாது. நல்லதம்பி பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தொழில் புத்தி விடவில்லை.

"அம்மா, தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இது உங்க டீ கலருங்கம்மா."

வேலாம்பாள் அப்போதுதான் சிரித்தார். "குடிக்கறீங்கல்ல? அப்ப அடிக்கவும் செய்யலாம்."

இரண்டு கோட் அடித்தார்கள். வேலாம்பாள் கீழ்ப்பாதி, நல்லதம்பி மேல்பாதி. பெஞ்சுக்கு மேலே மட்டும் நல்லதம்பி மூன்றாவது கோட்டும் அடித்தார். மறுநாள் காலையில் கறை அங்கேயே, லேசாக, தெரிந்தது.

"வந்துட்டா பாருங்க," என்றார் நல்லதம்பி. குரலில் குறை இருந்த மாதிரி இல்லை.

*

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை. வேலாம்பாள் வந்திருந்தார். நல்லதம்பி டீ போட்டுக் கொடுத்தார். முதல் கொழுந்தில் எடுத்த தூள், அளந்து விட்ட பால். வேலாம்பாள் குடித்தார்.

"எப்படிங்கம்மா இருக்கு?"

"சூடா இருக்கு."

நல்லதம்பி மேலே எதுவும் எதிர்பார்க்கவில்லை. கேரம் ரூமுக்குள் போய் பெஞ்சை இழுத்துச் சரியான இடத்தில் போட ஆரம்பித்தார். வேலாம்பாள் மறுமுனையைப் பிடித்தார். அப்போது போன் அடித்தது. தேன்மொழி. பெஞ்சை விடாமல் நல்லதம்பி ஒரு கையால் அதை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"அப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா. ரூம் ரெடி. கலரைப் பாத்தா சிரிப்பே."

"அப்பா, கதிருக்கு லீவு கிடைக்கலையாம். நேத்துதான் சொன்னான். உங்ககிட்ட சொல்லத் தயங்கறான்."

"சரிம்மா."

"ஆதிரைக்கும் கோச்சிங் கிளாஸ் மே முழுக்க வெச்சுட்டாங்கப்பா. அவரும் ஏதோ ப்ராஜெக்ட்ங்கறாரு. அதனால..."

"சரிம்மா."

"கோவமாப்பா?"

"இல்லம்மா. படிக்கற புள்ளை. படிக்கட்டும்."

"அப்பா, நாம பேசுனபடி பாத்தா... வீட்டைப் பாக்கறதுக்கு தரகர் கேட்டுட்டே இருக்காரு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லட்டுமா? நீங்க தனியா அங்க இருக்கறது எனக்கும் நிம்மதியா இல்லப்பா."

நல்லதம்பி பெஞ்சைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்மா."

"ஏன்ப்பா?"

"பெயின்ட் இன்னும் காயலை."

"எப்பக் காயும்?"

"மலை ஊராச்சே. சொல்ல முடியாது."

"சரிப்பா. காஞ்சதும் சொல்லுங்க."

போன் நின்றது. வேலாம்பாள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சே."

"தெரியுங்கம்மா."

வெளியே சரிவு முழுவதும் மறைந்துவிட்டது. எங்கோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நல்லதம்பி பூட்டையும் சாவியையும் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"அம்மா, ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"இனிமே இந்த ரூம் யாருக்குங்கம்மா?"

வேலாம்பாள் போர்டின்மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையை உருவி மூலையில் போட்டார். பவுடர் டப்பாவைத் தட்டினார். நடுவில் சிவப்பு, சுற்றிலும் கறுப்பு வெள்ளை என்று காய்களை அடுக்கினார். பொறுமையாக அடுக்கினார். பிறகு போர்டை பெஞ்சுக்கு எதிரே இழுத்துவிட்டுக்கொண்டு, கறைக்கு நேர் கீழே உட்கார்ந்து, புதுச் சுவரில் நன்றாகத் தலை சாய்த்தார். அன்று தலைக்குத் தாராளமாகத் தேங்காயெண்ணெய் வைத்திருந்தார்.

நல்லதம்பியின் வாய் திறந்தது. சற்று நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

வேலாம்பாள் ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். எதிரே இருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்.

"உக்காருங்கய்யா."

நல்லதம்பி ஸ்டூல்வரை வந்தார். உட்காரவில்லை.

"இது மாப்பிள்ளை உக்கார்ற பக்கங்கம்மா."

"அவரு வந்தா எந்திரிச்சுக் குடுங்க."